உடல் அவளுடையது, பேச்சு ஊருடையது

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு ஒரே நோய் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதாகி, சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 எனப்படும் அரிய வகை. காரணம் தேடிய மருத்துவர்கள் அந்த 15 பேரையும் விசாரித்தார்கள். 13 பேர் முகம் வெளுக்கக் கிரீம் பூசி வந்தவர்கள். ஐயம் அந்தக் கிரீம்களில் கலந்திருக்கும் பாதரசத்தின் மேல் விழுந்தது. பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் இந்த விவரங்கள் வெளியாயின.

பாதரசம் எப்படி வேலை செய்கிறது என்பதை மருத்துவம் விளக்கிவிட்டது. தோலில் மெலனின் உருவாக உதவும் நொதியை அது முடக்குகிறது, தோல் வெளுக்கிறது, உடலுக்குள் போன பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. மருத்துவம் விளக்காத பகுதி ஒன்று இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு டப்பாவை நம்பி முகத்தில் பூசும் அளவுக்கு ஒரு பெண்ணைத் தள்ளியது எது? இளம்பெண்களிடம் இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை ‘உன்னை நீ ஏற்றுக்கொள்’ என்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது அவள் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. அவளைச் சுற்றியிருப்பவர்கள் ஏற்காத உடலை அவள் மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பும் இல்லை.

நிறத்திலிருந்து தொடங்கலாம். ஒரு காலத்தில் கறுப்பு தமிழருக்குப் பிடிக்காத நிறமாக இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, அதாவது மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தால் அந்த அழகைப் பசலை தின்றுவிடும் என்று அஞ்சுகிறாள். வெளிறிப் போவது அங்கே நோய். இந்தப் பார்வை எப்போது தலைகீழானது என்பதற்கு ஒற்றைத் தேதி கிடையாது. வயலில் வெயிலில் நின்றவர் கறுத்தார், திண்ணை நிழலில் இருந்தவர் வெளுத்தார். உழைப்பையும் சாதியையும் தோலில் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்படி வேர்விட்டது. ஆள வந்தவர்கள் வெள்ளையராக இருந்தது அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. இந்த நம்பிக்கைக்கு மரபணுவியல் இடம் தருவதில்லை. ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் எஸ்தோனிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, தோல் வெளுக்கக் காரணமான எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவின் ஒரு மாற்றத்தை ஆராய்ந்தது. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் உள்ள அந்த மாற்றம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. தென்னிந்தியா உட்படத் துணைக்கண்டம் முழுவதும் அது கலந்து கிடக்கிறது. ஒரு தாய் வயிற்றில் அக்கா ஒரு நிறமும் தங்கை ஒரு நிறமுமாகப் பிறப்பது இப்படிப்பட்ட கலப்பால்தான். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் மரபணு ஆய்வு படித்துவிட்டு வருவதில்லை. தங்கையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிய வீடுகளில் அந்த அக்காக்கள் என்னென்ன பூசியிருப்பார்கள் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் கஷ்டத்தைப் பெரிய அளவில் காசாக்கியது இந்துஸ்தான் லீவர். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் சந்தைக்கு வந்தது. அதற்குப் போட்டியாகச் சென்னையின் கெவின்கேர் நிறுவனம் 1998-ல் ஃபேரெவரை இறக்கியது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் நம்பிக்கை. அந்தக் குங்குமப்பூவும் பாலும்தான் ஃபேரெவர் விளம்பரத்தின் மூலதனம். பாட்டி சொன்னது கம்பெனியின் வாயிலிருந்து வந்தபோது யாரும் சந்தேகிக்கவில்லை. நிறுவனங்கள் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை; வீட்டில் ஏற்கெனவே இருந்த காயத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்றன.

விளம்பரங்களின் கதை எப்போதும் ஒன்றுதான். கறுத்த பெண், கிடைக்காத வேலை அல்லது அமையாத வரன், கிரீம், பிறகு வெற்றி. மகன் இல்லையே என்று ஏங்கும் அப்பாவுக்காக மகள் கிரீம் பூசி விமானப் பணிப்பெண் ஆகும் விளம்பரம் ஒன்று இருந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அதை எதிர்த்து விடாமல் போராடியது. 2003-ல் அது ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டது. கறுத்த தோல் உள்ளவர்களைத் தாழ்வாகவோ தோல்வியடைந்தவர்களாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் விதி வகுத்தது. 2020-ல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் எழுந்தபோது அதன் அதிர்வு இங்கேயும் கேட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் சிவப்பழகுக் கிரீம்களின் விற்பனையை நிறுத்தியது. ஷாதி இணையதளம் நிறம் பார்த்து வரன் தேடும் வசதியை எடுத்தது. ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் போனது நல்லதுதான். ஆனால் டியூப் அதே கடையில் அதே அலமாரியில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா உடலும் அழகே என்று 2004 முதல் உலகெங்கும் பிரச்சாரம் செய்துவரும் டவ், இந்தக் கிரீமை விற்கும் யூனிலீவர் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. ஒரு கையால் தாழ்வு மனப்பான்மையையும் மறு கையால் தன்னம்பிக்கையையும் விற்கும் இடத்திலிருந்து வரும் ஆறுதலை நான் நம்பத் தயாரில்லை.

விளம்பரம் செய்து விற்கும் கிரீமைவிட எனக்குக் கவலை தருவது விளம்பரமே இல்லாமல் விற்கும் கிரீம். மருந்துக்கடையில் போய் ‘முகத்துக்கு ஏதாவது குடுங்கண்ணா’ என்று கேட்டால் கைக்கு வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் சிறிய எழுத்தில் இருக்கும். இவை கரப்பான் போன்ற தோல் அழற்சி நோய்களுக்கு மருத்துவர் அளவு பார்த்துக் குறுகிய காலத்துக்குத் தரும் மருந்துகள். முகத்தில் பூசினால் முதல் சில நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிடும்; ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வரும் வெளுப்பு அது. வாரங்கள் போகப் போகத் தோல் மெலியும். சிவந்த ரத்தக் குழாய்கள் தெரியும். பருக்கள் கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். பயந்துபோய் நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதைத் தாங்க முடியாமல் அவள் மறுபடி அதே களிம்பையே பூசுவாள். போதைப் பழக்கத்தின் பிடி இதில் அப்படியே இருக்கிறது. போதையில் மாட்டியவர் மேல் காட்டும் அக்கறையைத்தான் இவள் மேலும் காட்ட வேண்டும், ஏளனத்தை அல்ல. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கும் கடைக்காரர் எங்காவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். நிலைமை பெரிதாக மாறவில்லை.

இதைப் படிக்கும் வீடுகளில் ஒரு வேலை செய்யலாம். முகத்துக்குப் பூசும் டியூபை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பா என்றால் இன்றே நிறுத்திவிடுங்கள். இந்திய அழகுப்பொருள் விதிகள் முகக் கிரீமில் பாதரசத்தைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. தவறிக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முகவரி இல்லாதவன் இந்த விதியை மதிக்க மாட்டான். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர் எதுவும் இருந்தால் டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் பூசியதை எப்படி விடுவது என்று அவர் சொல்லித் தருவார்.

சினிமாவைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் அழகைப் பற்றிப் பேச முடியாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சரிதாவும் அர்ச்சனாவும் கதாநாயகிகளாக இருந்தார்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்காக அர்ச்சனா தேசிய விருது வாங்கினார். தொண்ணூறுகளில் பம்பாயிலிருந்து நாயகிகள் வந்து குவிந்தார்கள். பின்னணிக் குரல் தமிழாக இருந்தால் போதும், முகம் தமிழாக இருக்க வேண்டியதில்லை என்று ஆனது. அதன் உச்சம் 2007-ல் வந்த ‘சிவாஜி’. அங்கவை, சங்கவை என்ற இரண்டு பெண்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அவர்களைப் பார்த்ததும் கதாநாயகன் ஓடுவதை நகைச்சுவையாக வைத்தார்கள். பாரி மகளிரின் பெயர்கள் அவை. கபிலர் வரன் தேடி அலைந்த அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டதும் தியேட்டர் சிரித்தது. அதே படத்தில் ஒரு பாடலுக்காக ரஜினிகாந்தின் தோலை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் நிறத்துக்குக் கணினியில் மாற்றினார்கள். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நட்சத்திரம், நிறத்தாலேயே மக்கள் தங்களவராகக் கொண்டாடிய நட்சத்திரம், சில நிமிடம் வெளுத்துக் காட்டப்பட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போன கறுத்த பெண்களை அங்கவை, சங்கவை என்று கூப்பிட்டுக் கேலி செய்தது எத்தனை ஆண்டு நீடித்தது என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

நல்ல மாற்றங்களும் வந்தன. ‘காக்கா முட்டை’யில் இரண்டு பிள்ளைகளின் தாயாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷ், தன் நிறத்தைக் காட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டதை மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். 2015-ல் ‘பிரேமம்’ படத்தில் முகப்பருக்களை மறைக்காமல் மலர் டீச்சராக வந்த சாய் பல்லவியை இரண்டு மாநில இளைஞர்கள் கொண்டாடினார்கள். பிறகு ஒரு சிவப்பழகுக் கிரீம் விளம்பரத்தை, தொகை பெரியது என்று தெரிந்தும், அவர் மறுத்தார். ஒரு நடிகையின் பரு ஆயிரம் அறிவுரைகள் செய்யாததைச் செய்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-ல் ‘கறுப்பு அழகு’ என்னும் இயக்கத்தை ஆரம்பித்தது. 2013-ல் நந்திதா தாஸ் அதன் முகமானார். இது இங்கிருந்து கிளம்பிய குரல். அமெரிக்கா சொல்லித்தான் நாம் விழித்தோம் என்பது சரியல்ல.

உடைக்கு வருவோம். நிறம் பழைய கவலை. அளவு புதிய கவலை. சேலைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி, உடுத்துகிறவள் எப்படி இருந்தாலும் அவளுக்குச் சரியாகும். ரவிக்கைக்கு அளவு பிளவுஸ் கொடுத்து டெய்லரிடம் தைத்தோம். இடுப்பில் கொஞ்சம் துணி உள்ளே விட்டுத் தைப்பார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். மேடிட்டாலும் மெலிந்தாலும் உடுப்புதான் மாறியது. ஆயத்த ஆடை இந்த ஏற்பாட்டைப் புரட்டிப் போட்டது. டிரையல் ரூமில் ஜீன்ஸ் தொடையில் நின்றுவிட்டால், தைத்தவன் தப்பு என்று எந்தப் பெண்ணும் நினைப்பதில்லை. தன் தொடை தப்பு என்றே நினைக்கிறாள். இந்தியாவுக்கென்று தரப்படுத்திய அளவு அட்டவணையே இருந்ததில்லை. கடைகளில் தொங்கும் எஸ், எம், எல் எல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் உடல்களை வைத்து வகுத்தவற்றிலிருந்து வந்தவை. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியில் அளந்து இந்திய அளவு உருவாக்கும் திட்டத்தை 2018-ல்தான் அறிவித்தது. திருப்பூரில் தைக்கும் பெண்களைக் கேட்டால் அயல்நாட்டு வாங்குநர் அனுப்பும் அளவுத் தாளை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியது அங்குள்ள காதர்பேட்டைச் சந்தைக்கு வருகிறது. யாரோ ஒரு ஐரோப்பியப் பெண்ணின் தோளுக்கும் இடுப்புக்கும் வெட்டிய உடுப்புக்குள் நம் பெண் தன்னைத் திணித்துப் பார்க்கிறாள்.

அழகாக உடுத்துவதை நான் குறை சொல்லவில்லை. கண்மை, வளையல், புதுச் சுடிதார், தலை நிறைய மல்லிகை, எல்லாம் சந்தோஷங்கள். அவற்றை அனுபவிக்க விடாமல் பெண்ணை இரண்டு பக்கமும் நெருக்குகிறோம் என்பதே என் வருத்தம். 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. ஒரு பக்கம் சந்தை, உடம்பைக் காட்டு, ஆனால் இந்த அளவில் இருந்தால் மட்டும் காட்டு என்கிறது. மறுபக்கம் கல்லூரி, துப்பட்டாவைச் சரியாகப் போடு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாடத்தைக் கவனிக்க எவ்வளவு மனம் மிஞ்சும்? பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டாமி-ஆன் ராபர்ட்ஸும் 1997-ல் எழுதிய கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. பிறர் பார்வையிலேயே தன்னைப் பார்க்கப் பழகிய பெண், தன் கவனத்தில் ஒரு பங்கை எப்போதும் தன் உடலைக் காவல் காக்கவே செலவழிக்கிறாள்.

கைபேசி அந்தக் காவலை இருபத்துநாலு மணி நேர வேலையாக்கிவிட்டது. படம் புதிய உடல்களைக் கொண்டுவந்து நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதற்குப் பிஜித் தீவில் ஒரு பழைய சான்று உண்டு. அங்கே நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995-ல் வந்தது. உருண்டு திரண்ட உடலை மதித்த ஊர் அது. மானுடவியலாளர் ஆன் பெக்கர் அந்த ஆண்டும் 1998-லும் பள்ளி மாணவிகளை விசாரித்தார். எடையைக் குறைக்கத் தானாக வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டில் நூற்றுக்குப் பதினொருவரிடம் இருந்தது. அந்தப் பெண்கள் பார்த்தது சில தொடர்களை. இன்றைய பெண் பார்ப்பது தன் தோழிகளின் முகங்களையே, ஃபில்டர் போட்டு மூக்கும் தாடையும் ஒடுங்கிய நிலையில். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகளை 2021-ல் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய பதின்வயதுப் பெண்களில் நூற்றுக்கு 32 பேர், இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்கியது என்று சொன்னது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது. திருத்திய படம் என்று எழுதிப் போடச் சொல்லிப் பிரான்சும் நார்வேயும் சட்டம் செய்திருக்கின்றன. இதனால் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. படம் பொய் என்று தெரிந்தும் மனம் ஒப்பிடுவதை நிறுத்துவதில்லை.

திரையைத் திட்டுவது நமக்குச் சுலபம். வீட்டைப் பற்றிப் பேசுவது கடினம். மண்டபத்தில் நுழைந்ததும் அத்தை கேட்பது: “என்னடி இப்படிக் கறுத்துட்ட?” சித்தி: “ரெண்டு சுத்துப் பெருத்துட்டியே, இப்பவே இப்படின்னா கல்யாணத்துக்கு அப்புறம்?” ஒல்லியாக இருந்தால்: “வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?” பாராட்டுகூட ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்றுதான் வருகிறது. சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பெரியவளான நாளிலிருந்து ஒரு பெண்ணின் உடம்பு வீட்டுப் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. அவள் சிரித்துச் சமாளிப்பாள், பிறகு இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்பாள்.

உடல்நலத்துக்காகத்தானே சொல்கிறோம் என்று ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. 2019–21-ன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை அதிகமுள்ளவர்கள். அதே பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எடை என்பது மட்டுமே பேச்சாகும் வீட்டில், இரும்புச்சத்து இல்லாத பெண் இன்னும் ஒரு வேளை சோற்றைக் குறைக்கிறாள். கேலி எடையைக் குறைப்பதும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்வயதினரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்த ஆய்வில், வீட்டிலும் நண்பர்களிடமும் எடைக்காகக் கேலிக்கு ஆளான பெண்களே பின்னாளில் அதிக எடையோடு இருந்தார்கள். பேச்சு வழக்கில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் இன்னொரு சிக்கல். எடை கூடும், மோவாயில் முடி வரும், பரு வரும், மாதவிலக்கு தள்ளிப்போகும். எல்லாமே ஹார்மோனின் வேலை. அந்தப் பெண் போக வேண்டியது மகளிர்நல மருத்துவரிடம். வெட்கத்தால் அவள் போவது திரெடிங் செய்யும் பார்லருக்கு. எடை, ரத்த அளவு, மாதவிலக்கு இவற்றைப் பற்றி மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும். அதை மண்டபத்தில் பேச யாருக்கும் உரிமை இல்லை.

பலன் தருவது எது? அழகாக இருக்கிறாய் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அல்ல. அதுவும் அவள் கவனத்தை உடம்பிலேயே கட்டிப்போடுகிறது. உளவியலாளர் எரிக் ஸ்டைசும் சகாக்களும் வகுத்த ஒரு முறை பல நாடுகளில் சோதிக்கப்பட்டு நிற்கிறது. சமூகம் வைத்திருக்கும் அழகின் இலக்கணத்தை எதிர்த்து மாணவிகளையே எழுதவும் வாதாடவும் நடித்துக் காட்டவும் வைப்பது அது. பெரியவர்கள் பாடம் எடுப்பதில்லை. தன் வாயால் வாதாடியதைத் தன் மனம் நம்பத் தொடங்குகிறது. இது நமக்கு அந்நியமான வழியே இல்லை. பட்டிமன்றமும் பேச்சுப்போட்டியும் இல்லாத பள்ளி தமிழ்நாட்டில் கிடையாது. தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். அதேபோல் ஓடவும் கபடி ஆடவும் சைக்கிளில் டியூஷன் போகவும் ஒரு பெண்ணை விட்டால், உடம்பு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்குப் பக்கத்தில் உடம்பு என்ன செய்யும் என்ற கேள்வியும் வந்து உட்காரும். வெயிலில் கறுத்துவிடுவாள் என்று விளையாட்டு வகுப்பிலிருந்து மகளை விலக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்கும் பெற்றோர் அவளிடமிருந்து பறிப்பது இதைத்தான்.

தாய்மாரிடமும் அத்தை, சித்திமாரிடமும் ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த கல்யாணத்தில், அடுத்த திருவிழாவில், விடுதியிலிருந்து லீவுக்கு வந்த பெண்ணைப் பார்த்ததும் அவள் நிறத்தையும் எடையையும் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். பரீட்சை எப்படி இருந்தது, ஹாஸ்டல் சாப்பாடு பிடித்திருக்கிறதா, புதிதாக என்ன கற்றுக்கொண்டாள் என்று கேளுங்கள். அவள் எதிரில் உங்கள் உடம்பையும் திட்டிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் அதையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். வேறு யாராவது ஆரம்பித்தால், “அந்தப் பேச்சு வேண்டாம் அண்ணி” என்று அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள்.